கட்டமும் கமகமும்: இசைத் தயாரிப்பு மென்பொருள்களின் ஒலி வடிவமைப்பும் பணிமுறையும் – ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ்ப் பாடல்களைப் பற்றிய நமது திறனாய்வு பெரும்பாலும் பாடல் வரிகளோடு நின்றுவிடுகிறது. சொல்லழகு, உவமை, சந்தம், கருத்து ஆகியன விரிவாகப் பேசப்படுகின்றன. இசையைத் தொட நேர்ந்தால் இராகத்தின் பெயர் குறிக்கப்படுகிறது. ஒலியைப் பற்றிச் சொல்ல வரும்போதோ, 'இயந்திர இசை, உயிரில்லை' என்றோ 'உலகத் தரம்' என்றோ ஒரு தீர்ப்போடு பேச்சு முடிந்துவிடுகிறது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் காரணம் காட்டப்படுவதில்லை. இன்று வெளிவரும் தமிழ்ப் பாடல்கள், திரைப்பாடலாயினும் இந்நாட்டு இளைஞர் தம் வீட்டறையில் உருவாக்கும் பாடலாயினும், ஏதேனும் ஓர் இசைத் தயாரிப்பு மென்பொருளின் வழியாகவே பெரும்பாலும் உருப்பெறுகின்றன. அம்மென்பொருள் இயங்கும் முறையை அறியாமல் பாடலின் ஒலியை மதிப்பிடுவது, தளை அறியாமல் வெண்பாவை மதிப்பிடுவதை ஒக்கும்.

இக்கட்டுரைக்குத் தூண்டுதலாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. தேவாரப் போட்டியொன்றில் நாம் நடுவராக அமர்ந்திருந்தபோது, மாணவி ஒருத்தி கௌசிகப் பண்ணில் அமைந்த பதிகத்தைப் பின்னணி இசைத் தடத்தோடு பாடினாள். கௌசிகம் இன்று பைரவி இராகத்தில் பாடப்படுகிறது. பைரவியின் காந்தாரம் அசைந்து ஒலிக்க வேண்டிய சுரம். அம்மாணவியோ அதனை ஒரு நேர்கோடாகப் பாடினாள். குரலில் குறையில்லை, சுருதியும் பிசகவில்லை. காரணம் வினவியபோது, தடத்தில் அப்படித்தான் இருக்கிறது, அதைக் கேட்டுத்தான் பழகினேன் என்றாள். அந்தத் தடம் விசைப்பலகையில் வாசிக்கப்பட்டு மென்பொருளில் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஓதுவார் குரலில் கேட்டுப் பெறவேண்டிய ஒன்றை அம்மாணவி மென்பொருளிடமிருந்து பெற்றிருந்தாள்.

இதற்காக மென்பொருளைக் குற்றவாளியாக்குவது எளிது. ஆயினும் அது நேர்மையான திறனாய்வாகாது. மென்பொருள் கமகத்தைத் தடை செய்வதில்லை. சில செயல்களை ஒரு சொடுக்கில் முடிக்கத் தருகிறது. வேறு சிலவற்றுக்கு மணிக்கணக்கான உழைப்பைக் கேட்கிறது. எது எளிதோ அதுவே நாளடைவில் பாணியாகிவிடுகிறது. எனவே, இது எதை எளிதாக்குகிறது, எதை அரிதாக்குகிறது என்னும் வினாவையே முதன்மையாகக் கொண்டு, சுரமும் காலமும் இம்மென்பொருள்களில் பெறும் வடிவத்தை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சுரம் ஒரு செவ்வகமாதல்

இன்றைய மென்பொருள்கள் அனைத்திற்கும் அடியில் இருப்பது 'மிடி' என்னும் தகவல் முறை. வெவ்வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக, அமெரிக்கரான டேவ் ஸ்மித், ஜப்பானியரான இகுதாரோ ககெஹாஷி முதலியோரின் முயற்சியால் 1983-இல் உருவான பொதுத்தரம் இது. மிடி ஒலியை அனுப்புவதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் செய்திகளையே அனுப்புகிறது. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை 128 எண்கள் உள்ளன. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே வேறு சுரத்திற்கு இடமில்லை.

இச்செய்திகளைத் திரையில் காட்டும் பகுதிக்குப் 'பியானோ ரோல்' என்று பெயர். இடப்பக்கத்தில் பியானோவின் கட்டைகள் செங்குத்தாக அடுக்கப்பட்டிருக்கும். இடமிருந்து வலமாகக் காலம் நகரும். ஒவ்வொரு சுரமும் ஒரு செவ்வகம். ஒரு சுரம் ஒரு புள்ளியில் தொடங்கி, ஒரே உயரத்தில் நின்று, ஒரு புள்ளியில் முடிகிறது என்பது இப்படத்தின் அடிப்படைக் கருத்து. பியானோவைப் பொறுத்தவரை இது முழு உண்மை. மனிதக் குரல், வீணை, நாகசுரம் ஆகியவற்றைப் பொறுத்தவரை இஃது ஒரு பகுதி உண்மையே.

ஒலி வடிவமைப்பிலும் இதே கருத்து தொடர்கிறது. 1960-களில் ராபர்ட் மூக்கின் சிந்தசைசர்களோடு பரவிய முறைப்படி, ஓர் ஒலியின் வாழ்வு நான்கு கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது: எழுச்சி, சரிவு, நிலைப்பு, ஓய்வு. கட்டையை அழுத்தியதும் எழுச்சி தொடங்கும். விரலை எடுத்ததும் ஓய்வு தொடங்கும். எத்தனையோ அரிய ஒலிகளை இம்முறை நமக்குத் தந்துள்ளது. எனினும், ஒரே மூச்சில் மூன்று சுரங்களைத் தொட்டுவரும் ஒரு பிடியை இவ்வாறு அமைத்தால், ஒவ்வொரு சுரமும் புதிதாகப் பிறந்து தனித்தனியே மடிகிறது. இதனைத் தவிர்க்க, ஒரு நேரத்தில் ஓர் ஒலி மட்டுமே ஒலிக்கும் நிலையைத் தெரிந்து, எழுச்சி மீண்டும் தொடங்காதவாறு செய்து, சுரங்களுக்கிடையே வழுக்கலை இயக்க வேண்டும். அப்போதும் அந்த வழுக்கல் குறித்த கால அளவில், குறித்த ஒரே பாதையில்தான் செல்லும். பாடகர் ஒரு சுரத்தில் சற்றே தயங்கி, பின் விரைந்து அடுத்ததை அடையும் நடையை அது தானாக அறியாது.

தோடியின் காந்தாரம்: ஒரு சோதனை

பைரவியைக் காட்டிலும் தெளிவான சான்று தோடி. தோடியின் காந்தாரம் பெயரளவில் சாதாரண காந்தாரம். பாடும்போதோ அது பெரும்பாலும் தன் இடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்திற்கும் மத்தியமத்திற்கும் இடையே அசைந்துகொண்டே ஒலிக்கிறது. அந்த அசைவே தோடியை நமக்கு அடையாளம் காட்டுகிறது. கமகம் இங்குச் சுரத்தின்மேல் பூட்டிய அணியன்று. சுரத்தின் உடலே அது.

இக்காந்தாரத்தைப் பியானோ ரோலில் அமைக்க முயலும் ஒருவருக்கு மூன்று வழிகள் தென்படும். முதலாவது, காந்தாரத்திற்குரிய கட்டையில் ஒரு செவ்வகம் இட்டு, பண்பேற்றச் சக்கரத்தை உருட்டுவது. பெரும்பாலான ஒலிகளில் அச்சக்கரம் ஓர் ஒழுங்கான அலைவைத் தரும். மேலும் கீழும் சம அளவு, சம வேகம். கம்பித கமகம் இத்தகைய சமச்சீரான அலைவன்று. அது ஒரு முனையில் சற்று நின்று மறுமுனையைத் தொட்டு மீளும். எனவே இவ்வழியில் கிடைப்பது ஐரோப்பிய வயலினின் அதிர்வை ஒத்த ஒன்றே.

இரண்டாவது, ரிஷபம், காந்தாரம், மத்தியமம் ஆகியவற்றுக்குச் சிறுசிறு செவ்வகங்களை மாறிமாறி இடுவது. இதனால் கிடைப்பது படிக்கட்டு. மூன்றாவது, 'பிட்ச் பெண்ட்' என்னும் சுருதி வளைவைக் கையால் வரைவது. மிடியில் இவ்வளைவுக்கு 16,384 படிகள் உள்ளன. செவிக்கு அது தொடர்ச்சியான கோடாகவே கேட்கும். வழக்கமாக அமைந்துவரும் எல்லை மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். காந்தாரத்திலிருந்து ரிஷபமும் மத்தியமமும் சரியாக அத்தொலைவிலேயே உள்ளன. ஆகவே தோடியின் காந்தாரத்தை அமைப்பது இயலும். பஞ்சமத்திலிருந்து மேல் சட்சம் வரை வழுக்கும் ஜாருவுக்கு மட்டும் எல்லையை விரிக்க வேண்டும்.

இயலும் என்பதற்கும் நடைமுறையில் செய்யப்படும் என்பதற்கும் இடையிலான தொலைவை இங்குக் காணலாம். ஒரு நொடி ஒலிக்கும் காந்தாரத்திற்காக ஒரு வளைகோட்டை வரைந்து, கேட்டு, திருத்தி, மீண்டும் கேட்க வேண்டும். ஒரு பல்லவியில் அக்காந்தாரம் பலமுறை வரும். ஒன்றை வரைந்து மற்ற இடங்களில் படியெடுத்து ஒட்டினால் வேலை குறையும். ஆனால் எந்தப் பாடகரும் ஒரே அசைவை அச்சாக இருமுறை பாடுவதில்லை. அன்றியும், பழைய மிடியில் இவ்வளைவு ஒரு தடவழி முழுமைக்கும் உரியது. அதே தடவழியில் சட்சம் ஆதார சுருதியாக ஒலித்துக்கொண்டிருந்தால், காந்தாரம் அசையும்போது சட்சமும் சேர்ந்து அசையும். இதை அறிந்தவர் ஆதார சுருதியைத் தனித் தடத்தில் வைப்பார். அறியாதவர் வளைவையே கைவிடுவார். காலக்கெடுவுக்குள் தடத்தை முடித்துத் தரவேண்டியவரும் பெரும்பாலும் கைவிடுவார். அம்மாணவி கேட்டுப் பழகிய நேர்கோடு இவ்வாறே பிறந்திருக்கக்கூடும்.

திருத்தும் கருவிகளின் இலக்கணம்

பதிவான குரலைத் திருத்தும் கருவிகள் இதனினும் நுட்பமான சிக்கலை எழுப்புகின்றன. நிலநடுக்க அலைகளைக் கொண்டு எண்ணெய் வளம் தேடும் துறையில் பணியாற்றிய ஆண்டி ஹில்டெபிராண்ட் உருவாக்கிய 'ஆட்டோ-டியூன்' 1997-இல் வெளிவந்தது. பாடகரின் சுருதியைக் கண்டறிந்து, அருகிலுள்ள சுரத்திற்கு அதனை இழுத்துச் செல்வது இதன் வேலை. எவ்வளவு விரைவாக இழுக்க வேண்டும் என்பதைப் பயனர் முடிவு செய்யலாம். விரைவை உச்சத்தில் வைத்தால் குரல் படிப்படியாகத் தாவும். 1998-இல் ஷெர் பாடிய 'பிலீவ்' என்னும் பாடலில் இத்தாவலே புதிய அழகாக முன்வைக்கப்பட்டது. அங்கு அது தெரிந்தே செய்த ஒலி வடிவமைப்பு. குறை காண இடமில்லை. தோடி பாடும் குரலில் அதே அமைப்பைத் தெரியாமல் விட்டுவைத்தால், காந்தாரத்தின் அசைவு மூன்று படிகளாக உடைந்துவிடும்.

ஜெர்மனியின் செலிமோனி நிறுவனம் 2001-இல் அறிமுகப்படுத்திய 'மெலடைன்' வேறு வகையானது. பாடிய கோட்டைத் திரையில் காட்டி, ஒவ்வொரு சுரத்தையும் மூன்று கூறுகளாகத் திருத்த இடமளிக்கிறது: சுரத்தின் மையம், மையத்தைச் சுற்றிய அலைவு, மெதுவான நழுவல். வெறும் தொழில்நுட்ப வசதியாகத் தோன்றும் இப்பகுப்பு உண்மையில் ஓர் இசையிலக்கணம். சுரத்திற்கு மையம் உண்டு. அசைவு அம்மையத்தைச் சார்ந்தது. நழுவல் குறைக்கத்தக்கது என அது கூறாமல் கூறுகிறது. அலைவைச் சுழியமாக்கினால் தோடியின் காந்தாரம் ஒரு நேர்கோடாகும். திரையில் அது மிகச் சரியான சுரமாகத் தோன்றும். தோடி மட்டும் அங்கு இராது.

ஆயினும் இக்கருவி பாடிய கோட்டை அப்படியே கண்முன் காட்டுகிறது என்பதை நாம் மறத்தலாகாது. திருத்துவதற்காக அமைந்த திரையைக் கற்பிப்பதற்கும் பயன்படுத்தலாம். ஓதுவாரின் குரலையும் மாணவரின் குரலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பல சொற்களில் விளக்க வேண்டிய வேறுபாடு உடனே புலனாகும்.

காலம் கட்டத்திற்குள் அடங்குதல்

சுரத்திற்குக் கூறியது தாளத்திற்கும் பொருந்தும். புதிய கோப்பொன்றைத் திறந்தால், பெரும்பாலான மென்பொருள்களில் நிமிடத்திற்கு 120 தட்டு, நான்கு தட்டுகளுக்கு ஒரு சுற்று என்னும் அமைப்பு முன்னமே இருக்கும். கட்டங்கள் இரண்டால், நான்கால், எட்டால் பகுக்கப்பட்டிருக்கும். மூன்றால் பகுக்கவும் பொத்தான் உண்டு. ஐந்தால் பகுக்கும் கண்ட நடைக்கும் ஏழால் பகுக்கும் மிஸ்ர நடைக்கும் பெரும்பாலும் பயனரே வழி தேட வேண்டும். வாசித்ததைக் கட்டத்தின்மேல் கொண்டு நிறுத்தும் செயலுக்குக் 'குவாண்டைஸ்' என்று பெயர். 1980-இல் ரோஜர் லின் உருவாக்கிய எல்எம்-1 தாளப்பொறியிலேயே இவ்வசதி இருந்தது. கட்டத்திலிருந்து சற்றே தள்ளி ஒலிக்கச் செய்யும் 'ஸ்விங்' என்னும் அமைப்பையும் அவரே அதில் சேர்த்தார். கட்டத்தை உருவாக்கியவரே கட்டத்தின் போதாமையையும் உணர்ந்திருந்தார் என்பது நோக்கற்பாலது.

கட்டம் எல்லா இசைக்கும் பகையன்று. ராப் இசை, நடன இசை முதலியவற்றின் அழகு, மாறாத சுற்றின்மேல் சொல் புரள்வதில்தான் உள்ளது. இந்நாட்டின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பை இங்குக் குறிப்பிடலாம். அத்தொகுப்பில் 1980-ஆம் ஆண்டின் 'நிழல்கள்' படப் பாடலொன்றை எடுத்துப் புதுக்கியபோது, சுற்றின் மாறாமை தமிழ்ச் சொல்லின் எதுகைக்கும் வல்லின மோதலுக்கும் அரணாக நின்றது. கருவியின் எளிமையும் கலையின் தேவையும் ஒன்றுபட்ட இடம் அது. ஒரே கருவி விருத்தம் பாடும் குரலுக்கு இடர் தரலாம். ஆகவே தீர்ப்பு கருவியைப் பற்றியதாக மட்டும் இருத்தல் கூடாது. கருவியும் இசை வகையும் கூடும் இடத்தைப் பற்றியதாக இருத்தல் வேண்டும்.

பழைய வழக்கு, புதிய வடிவம்

இச்சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. ஆர்மோனியத்தின் நிலைத்த சுரங்கள் இந்திய இசைக்கு ஒவ்வா என்னும் வாதத்தால், அனைத்திந்திய வானொலி 1940-இல் அக்கருவியைத் தடை செய்தது. அத்தடை 1971-இல் தளர்த்தப்படும் வரை நீடித்தது. தடையால் ஆர்மோனியம் மறையவில்லை. நாடக மேடையிலும் பசனை மடங்களிலும் தொடர்ந்து ஒலித்தது. மறுபுறம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் கைக்கொண்ட வயலின், பிடிக்கும் முறையும் வாசிக்கும் முறையும் மாறிக் கருநாடக இசையின் பக்கவாத்தியமாயிற்று. மெட்டுகள் பதித்த மாண்டலினை மின்வடிவில் எடுத்துக்கொண்டு யு. ஸ்ரீநிவாஸ் கமகங்களை வாசித்துக் காட்டினார். தடையைவிடப் பழக்கமுறையின் மாற்றமே பயன் தந்துள்ளது என்பதை இவை உணர்த்துகின்றன.

எழுத்துமுறையிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்துள்ளது. 1904-இல் எட்டயபுரத்தில் வெளியான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' கமகங்களுக்கெனத் தனிக் குறியீடுகளை அச்சிலேற்றியது. ஈய எழுத்துகளைக் கோக்கும் அச்சுக்கூடத்தில் அது பெருஞ்சுமையான பணி. ஆயினும் குறியீடின்றிச் சுரத்தை மட்டும் எழுதுவது போதாது என்று அவர் கருதினார். சிலப்பதிகார உரைமரபு குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் ஆகிய ஏழுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 அலகுகளைப் பகுத்தது. 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' இயற்றிய ஆபிரகாம் பண்டிதர் 24 சுருதிகளே தமிழிசைக்கு உரியவை என வாதிட்டார். யார் கூற்று சரி என்பது வேறு ஆய்வு. ஒரு தாயியை எவ்வாறு பகுப்பது என்பது தமிழ் மரபில் வாதத்திற்குரிய வினாவாக இருந்தது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. மென்பொருள் அவ்வினாவைக் கேளாமலே 12 என்று விடை தந்துவிடுகிறது.

மாற்றுப் பணிமுறைகள்

அண்மைய மாற்றங்கள் நம்பிக்கை அளிக்கின்றன. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க உதவும் எம்.பி.இ. என்னும் விரிவாக்கம் 2018-இல் பொதுத்தரமாக ஏற்கப்பட்டது. 2020-இல் அறிவிக்கப்பட்ட மிடி 2.0 இதனைத் தன் அடிப்படையிலேயே கொண்டுள்ளது. ஈராக்கிய வேர்களையுடைய இசைஞர் கியாம் அல்லாமி, பல்வகைச் சுருதி அமைப்புகளில் இசையமைக்க உதவும் 'லெய்மா', 'அப்போடமி' என்னும் கருவிகளை 2021-இல் வெளியிட்டார். 2024-இல் வந்த 'ஏபில்டன் லைவ் 12' சுருதி அமைப்புகளை மாற்றும் வசதியைச் சேர்த்தது. எனினும் சுருதி அமைப்பு மாறினாலும் செவ்வகம் செவ்வகமே. 22 அலகையும் ஏற்றிய பின்னரும் காந்தாரம் தானே அசையாது.

ஆகவே கருவியின் புதுமையைவிடப் பணியின் வரிசையை மாற்றுவதே பயனுடையது என நாம் கருதுகிறோம். வழக்கமான வரிசையில் முதலில் வேகம், பின் தாளத்தடம், அதன்மேல் விசைப்பலகை, இறுதியில் குரல். இதனைத் தலைகீழாக்கலாம். ஆதார சுருதியை மட்டும் ஒலிக்கவிட்டு, தட்டொலி இன்றிக் குரலை முதலில் பதிவு செய்க. பின்னர்க் கட்டத்தைக் குரலுக்கேற்ப நகர்த்துக. பாடிய காலத்தைக் கண்டறிந்து கட்டத்தை அதனோடு இணைக்கும் வசதி இன்றைய முதன்மை மென்பொருள்களில் உண்டு. லாஜிக் மென்பொருளில் 2018 முதல் அது 'ஸ்மார்ட் டெம்போ' என வழங்கப்படுகிறது. விசைப்பலகை குரலைப் பின்தொடரட்டும். அசையும் சுரங்கள் வரும் இடங்களில் அது சட்சத்திலோ பஞ்சமத்திலோ நின்று வழிவிடட்டும். திருத்தம் தேவையெனில் மையத்தை மட்டும் நகர்த்தி, அலைவைத் தொடாது விடுக. இவ்வரிசைக்குப் புதிய செலவு எதுவுமில்லை. பாடத் தெரிந்த ஒருவர் மட்டும் தொடக்கத்திலேயே வேண்டும்.

தனிச் சுரங்களுக்கு மாறாக முழுப் பிடிகளையே பதிவு செய்து விற்கும் ஒலித்தொகுப்புகளும் உள்ளன. அவற்றில் கமகம் உயிரோடு இருக்கும். ஆனால் இசையமைப்பவர் பிடிகளைத் தெரிந்தெடுப்பவராகச் சுருங்கிவிடும் இடர்ப்பாடும் உண்டு. ஒரே பிடி பலர் பாடல்களில் ஒலிக்கும்போது, கேட்பவர் அதனை ஒரு முத்திரையாக அன்றி இசையாகக் கேட்க இயலாது போகும்.

முடிவுரை

மென்பொருளை விலக்கும்படியோ வியக்கும்படியோ நாம் இங்குக் கேட்கவில்லை. திறனாய்வாளர் ஒரு பாடலின் ஒலியைக் குறித்து எழுதும்போது, எந்த இடத்தில் பாடகர் முடிவு செய்தார், எந்த இடத்தில் கருவியின் முன்னமைப்பு முடிவு செய்தது என்று பிரித்துக் காட்ட முயல வேண்டும். 'உயிரில்லை' என்னும் ஒற்றைச் சொல்லைவிட, 'இக்காந்தாரத்தின் அலைவு நீக்கப்பட்டுள்ளது' என்னும் ஒரு வரி கற்பவருக்குப் பெரிதும் உதவும்.

ஆசிரியர்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. பின்னணித் தடத்தை மாணவரிடம் தருமுன், அப்பதிகத்தை ஓதுவார் ஒருவர் பாடிய பதிவோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். பாட்டைக் குரலிலிருந்து கற்பித்த பின்னரே தடத்தோடு சேர்க்க வேண்டும். அன்று நாம் அம்மாணவிக்குச் சுருதிக்கும் உச்சரிப்புக்கும் உரிய புள்ளிகளை அளித்தோம். மதிப்பீட்டுத் தாளில் பண்ணின் அசைவுக்கெனத் தனி இடம் இருக்கவில்லை. போட்டிக்குரிய தாள்களை வகுப்போர் நாமே ஆதலின், திருத்தத்தை அங்கிருந்து தொடங்கலாம்.